தோன்றா எழுவாய்

செந்தூலில் டயர் கடைக்கு மேல்மாடி.
செவ்வாய் இரவு ஒன்பதுக்குக் கூடுவோம்.
மைலோ டின்னுக்கு அடியில் ஜெராக்ஸ் தாள்கள் படபடக்கும்.
கொமுட்டர் ரயில் போகும்போதெல்லாம்
வாசிப்பை நிறுத்துவோம்.
பாரிஸ்காரர் காத்திருப்பார்.

பகலில் நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன்.
மலாயில் வரும் குற்றத்தைத் தமிழில் இறக்கி
கூண்டில் நிற்பவர் காதில் வைப்பவன்.
'புரிகிறதா' என்பது என் தொழிலில் கேள்வி அல்ல.
அதனால் இங்கேயும் மொழிபெயர்ப்பு என் தலையில்.

இந்த வாரப் பக்கம் இது:
தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் கூப்பிடுகிறான்,
ஏய், உன்னைத்தான்.
அவன் திரும்புகிறான்.
திரும்பிய அந்த நொடியில்
அரசு அவனைச் செய்து முடித்துவிடுகிறது.
என்னவாகச் செய்து?
'பிரஜை' என்று போட்டேன். அடித்தேன்.
'குடி' என்று போட்டேன். செந்தூலில் அதற்கு வேறு அர்த்தம்.
'தன்னிலை' என்றான் புவனேஷ்வரன்,
சென்னைச் சிற்றிதழ்களைத் தபாலில் வாங்குபவன்.
மலாயில் அப்படியே விழுங்கிவிட்டோம், சுப்ஜெக்,
என்று சிரித்தாள் ஹஸ்லினா.

வெண்பலகையில் எழுதினேன்: எழுவாய்.
ஐந்தாம் வகுப்பு இலக்கணம்தான்.
ஆனால் உற்றுப் பார்த்தால்
முன்னிலை, ஒருமை, எதிர்காலம்.
நீ எழுவாய்.
புவனேஷ் மேசையைத் தட்டினான்:
"புரட்சி அகராதியிலயே இருக்கு, அண்ணே!"

தவமலர் அதுவரை பேசியதில்லை.
பதினொரு மணிக்கு மால் துடைக்கப் போக வேண்டும்,
அதற்கு முன் ஃபேனுக்காக வருகிறாள்
என்றுதான் நினைத்திருந்தோம்.

"என்னையும் கூப்பிட்டாங்க. திரும்புனேன்.
பத்துமலைக்குப் போற வழியில, ரோட் பிளாக்.
ஐ.சி. கேட்டான், இல்லைன்னேன்.
எங்க பொறந்தேன்னான்.
கோலசிலாங்கூர்ல, தோட்டத்துலன்னேன்.
பேரைத் தட்டிப் பாத்தான். மெஷின் ஒண்ணும் சொல்லல.
இந்தியாவான்னான். ஸ்ரீலங்காவான்னான்.
அப்புறம் மெஷினை அணைச்சிட்டு
போ, போன்னுட்டான்.
அப்ப திரும்புனவ யாரு?
உங்க பாரிஸ்காரரு அதை எழுதியிருக்காரா?"

கொமுட்டர் போனது.
வாசித்துக்கொண்டிருக்கவில்லை, ஆனாலும் காத்திருந்தோம்.

பக்கங்களைப் புரட்டினேன். எழுதவில்லை.
அவர் தெருவில் கூப்பிடப்பட்ட எல்லோர் பையிலும்
ஏதோ ஒரு தாள் இருந்திருக்கிறது.

புவனேஷ் இன்னொரு பாரிஸ்காரரைக் கொண்டுவந்தான்:
கணக்கில் வராதவர்கள்
தங்களைத் தாங்களே எண்ணத் தொடங்கும்போதுதான்
அரசியல் பிறக்கிறதாம்.
"எண்ணியாச்சு," என்றாள்.
"அம்மா கல்யாணத்தைப் பதியல.
நான், தம்பி, தம்பி மகன். மூணு.
புத்ராஜெயாவுல பதினோரு வருஷமா பரிசீலனை."
வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.
வாளி அவளுடையது, சம்பளத்தில் பிடித்தது.

வீட்டில் தூக்கம் வரவில்லை.
'திரும்பினாள்' என்றால் தமிழில் அது முழு வாக்கியம்.
பெயர் வேண்டாம், எண் வேண்டாம், பதிவேடு வேண்டாம்.
இலக்கணம் அதற்குச் சொல்வது: தோன்றா எழுவாய்.
கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வினையின் வாலில்
ஓர் 'ஆள்' நின்றுகொண்டிருக்கும்.
அதை ஏவலாகவும் வாசிக்கலாம்.
யாரிடமும் சொல்லவில்லை,
புவனேஷ் மறுபடி மேசையைத் தட்டுவான்.

காலையில் கூண்டில் ஒரு பையன்.
தாள் இல்லாத குற்றம்.
எழுத்தர் பெயரை வாசித்தார், தப்பாக.
பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இரண்டாம் முறையும் வாசித்தார்.
மூன்றாவதைத் தமிழில் நான் கூப்பிட வேண்டும்,
அது நடைமுறை.

'ஏய்' தொண்டைவரை வந்து நின்றது.
மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார், திறந்தார்.
பையன் இன்னும் திரும்பவில்லை.